வரிசை எண்ணுக்குக் காவல்

தொழிற்சாலையிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை வேறு யாரும் திருடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் தொழில். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டு, நான் இப்படிப் பதில் சொன்னால், "அதுக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டரு?" என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு ரசத்துக்குக் கை நீட்டுவார். அலுவலகத்தில் அழகாக ஓடிய சாப்ட்வேரை வாடிக்கையாளர் இடத்தில் கொண்டுபோய் வைத்ததும், அது முன்பின் தெரியாததுபோல் நம் முகத்தைப் பார்த்து முழித்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், நீங்கள் நம்ம ஆள். உங்களிடம் மனம்விட்டுப் பேசலாம்.

நானும் கவிதாவும் கல்லூரியில் ஒரே பெஞ்ச். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே இரண்டு அறை எடுத்து இந்தக் கம்பெனியை நடத்துகிறோம். மக்கள் கண்ணால் பார்க்கிற திரைகளை அவள் எழுதுவாள். பின்னால் இருக்கிற பூட்டு, சாவி, காவல் எல்லாம் என் பொறுப்பு.

இரண்டிலும் ஒரே எண்

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை சென்னியப்பன் அண்ணாவுடையது. திருச்செங்கோடு போகிற சாலையில் அவருடைய தொழிற்சாலை இருக்கிறது. தோட்டத்து மோட்டாரை வீட்டில் இருந்தபடியே செல்போனில் ஓடவிடவும் நிறுத்தவும் ஒரு ஸ்டார்டர் பெட்டி செய்கிறார்கள். கரண்ட் ஏறி இறங்கினால் அந்தப் பெட்டியே மோட்டாரை நிறுத்திவிடும், உள்ளே சுற்றியிருக்கிற காயில் கம்பி கருகாது. ஒரு காலத்தில் போர்வெல் ரிக் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்த்தவர் சொந்தமாக யோசித்துச் செய்த பெட்டி அது.

நாங்கள் போன முதல் நாள் மேஜைமேல் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒரே நிறம், ஒரே பெயர், ஒரே ஸ்டிக்கர், ஸ்டிக்கரில் ஒரே வரிசை எண். ஒன்றிலிருந்து கருகிய வாடை வந்தது. ஒரு விவசாயி, பயிருக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டிய சமயத்தில் மோட்டார் புகைந்துபோய், அந்த மோட்டாரையும் பெட்டியையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து கேட்டுக்கு முன்னால் இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது இவர்கள் செய்த சர்க்யூட் போர்டே இல்லை. முழுப் போலி.

ஆனாலும் சென்னியப்பன் அண்ணா அந்த மோட்டாருக்குப் புதுக் காயில் சுற்றிக் கொடுத்து, அசல் ஸ்டார்டர் ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். யாரோ செய்த போலிக்கு நீங்கள் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்று கவிதா கேட்டாள். அவர் இரண்டு பெட்டிகளையும் எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார். "ரெண்டுலயும் என்ர பேருதானுங்க அம்மணி இருக்குது. அவரு பேரப் பாத்துத்தானே வாங்குனாரு?"

ருக்மணி அக்காவின் பாதி

நாங்கள் செய்த ஏற்பாடு இதுதான். ஒவ்வொரு எண்ணோடும் ஒரு சின்னக் கட்டம் அச்சாகும். செல்போனில் ஸ்கேன் செய்தால், எண் அசல் என்றால் பச்சை வரும், இல்லையென்றால் சிவப்பு. அந்தக் கட்டத்தை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். புதிதாக உருவாக்க வேண்டுமென்றால் ஒரு ரகசியச் சாவி வேண்டும். அந்தச் சாவி ஒரே ஆளிடம் இருந்தால் ஆபத்து என்பதால், இரண்டு பேர் ஆளுக்கொரு ரகசிய எண்ணைப் போட்டால்தான் புது எண்கள் பிறக்கும் என்று வைத்தேன். ஒரு பாதி சென்னியப்பன் அண்ணாவுக்கு. மறு பாதிக்கு நம்பிக்கையான ஆளாக அவர் தன் மனைவி ருக்மணி அக்காவைச் சொன்னார். புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன ரகசியம் இருக்கப் போகிறது என்று எனக்கு உள்ளுக்குள் கவலைதான்.

ஒரு முகூர்த்த நாளில் அக்கா கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். இங்கே அவசர ஆர்டர். அண்ணா போன் போட்டு, உன் நம்பரைச் சொல்லு, நானே போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். அக்கா சொல்லவில்லை. மறுபடி கேட்டிருக்கிறார். அக்கா போனையே வைத்துவிட்டார். ஆர்டர் நின்றது. சாயங்காலம் பட்டுப்புடவையோடு நேராகத் தொழிற்சாலைக்கு வந்து, அண்ணாவை எழுந்து அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு எண்ணைப் போட்டார். அண்ணா என்னிடம் போனில் புலம்பினார். பின்னாலிருந்து அக்காவின் குரல் நிதானமாகக் கேட்டது. "இவரு கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னுதானுங்க அம்மணி என்னயப் போட்டிருக்குது?"

குங்குமம் வைத்த கார்டு

நாங்கள் போவதற்கு முன் அந்தத் தொழிற்சாலையின் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அண்ணாவின் பேத்தி பெயர். டீ கொண்டுவருகிறவருக்குக்கூட அது தெரியும். எந்தப் பெட்டியை யார் சோதித்தார்கள் என்று தெரிந்தால்தானே எண்ணுக்கு மதிப்பு? அதனால் விரல்ரேகைக் கருவி வைத்தோம். அது பல பேருக்கு வேலை செய்யவில்லை. ஈயம் உருக்கிச் சால்டர் வைத்து, தின்னரில் போர்டு துடைத்து, அங்கே வேலை செய்கிற பெண்களின் விரல் நுனிகள் வழவழவென்று ஆகியிருந்தன. கருவியை எடுத்துவிட்டு ஆளுக்கொரு கார்டு கொடுத்தோம்.

அடுத்த தடவை போனபோது ஒருவர் கழுத்திலும் கார்டைக் காணோம். ஹாலின் மூலையில் சாமி படத்துக்குக் கீழே எல்லாக் கார்டும் வரிசையாக அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் குங்குமம். தேவைப்பட்டவர்கள் எடுத்துக்கொண்டு திரும்ப அங்கேயே வைத்துவிடுவார்களாம். சோதனை மேஜைக்கும் ஸ்டிக்கர் அறைக்கும் பொறுப்பான மல்லிகா அக்காவிடம் பொறுமையாகச் சொன்னேன். உங்கள் கார்டை வேறொருவர் வைத்துச் சோதித்தால் அவர் செய்த தப்பு உங்கள் பேரில் ஏறும். உங்கள் நல்ல வேலை இன்னொருவர் பேரில் போகும். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அதற்கடுத்த தடவை எல்லார் கழுத்திலும் கார்டு தொங்கியது. குங்குமமும் அப்படியே இருந்தது. நான் பார்ப்பதை மல்லிகா அக்கா பார்த்துவிட்டார். "கழுத்துல போட்டாச்சுங்க மேடம். கும்புட்டுட்டுத்தான் போட்டம்."

கசிந்தது எங்கே

புது ஸ்டிக்கர் வந்து சில மாதங்கள் நன்றாகப் போனது. பிறகு ஒரு நாள் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு போலிப் பெட்டி திரும்பி வந்தது. உள்ளே குப்பை போர்டு. வெளியே எங்கள் புது ஸ்டிக்கர். ஸ்கேன் செய்தால் பச்சை.

ஸ்டிக்கர் உருளைகள் இருக்கிற அறையின் சாவி மல்லிகா அக்காவிடம்தான் இருந்தது. அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் அந்தச் சாவி கணக்குப் பிள்ளை கைக்கு மாறியது. மத்தியானம் சாப்பிடும்போது மல்லிகா அக்காவுக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. தொழிற்சாலை தகரக் கொட்டகையாக இருந்த நாளிலிருந்து அங்கே வேலை செய்கிறவர் அவர். நாங்கள் போனபோது கவிதாவிடம் மட்டும் தனியாகச் சொன்னாராம், இந்த வாரத்தோடு நின்றுகொள்கிறேன், பள்ளிபாளையத்தில் ஒரு மில்லில் ஆள் கேட்கிறார்கள் என்று. அழவில்லையாம். அதுதான் கவிதாவை என்னவோ செய்துவிட்டது.

நான் சென்னியப்பன் அண்ணாவிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். அண்ணாவும் நன்றாகத் தூங்கியவர் மாதிரி இல்லை. ஸ்கேன் செய்கிற போன் எந்த ஊரில் இருக்கிறது என்று எங்கள் சாப்ட்வேர் குறித்துக்கொள்ளும். அதை எடுத்துப் பார்த்தோம். ஆத்தூர், ராசிபுரம், சங்ககிரி, மறுபடி ஆத்தூர் என்று பல இடங்களில் ஒரே ஓர் எண் திரும்பத் திரும்ப வந்திருந்தது. உருளையிலிருந்து ஸ்டிக்கரைத் திருடியிருந்தால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு எண் இருக்க வேண்டும். யாரோ ஒரே ஒரு ஸ்டிக்கரைப் பார்த்து, அதையே நகல் நகலாக அடித்திருக்கிறார்கள். அந்த எண் உள்ள அசல் பெட்டி எங்கே என்று தேடினால், அது விற்கப்படவே இல்லை. அண்ணாவின் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் மாதிரிப் பெட்டியாக உட்கார்ந்திருந்தது.

அது வெளியேயே போகவில்லையே என்று அண்ணா குழம்பினார். கவிதா டீயைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பெரிய கலர் போஸ்டர். விவசாயக் கண்காட்சிக்காக அச்சடித்தது. ஊர் ஊராகக் கடைகளிலும் ஒட்டியிருந்தார்கள். அதில் அண்ணா வெள்ளைச் சட்டையில் சிரித்தபடி நிற்கிறார். கையில் அந்த மாதிரிப் பெட்டி. ஸ்டிக்கர் நன்றாகத் தெரிய வேண்டும் என்று பார்க்கிறவர் பக்கமே திருப்பிப் பிடித்திருக்கிறார். கவிதா உட்கார்ந்த இடத்திலிருந்தே போனைத் தூக்கி அந்தப் போஸ்டரை ஸ்கேன் செய்தாள். பச்சை வந்தது.

அண்ணா தன் சிரித்த முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து ஹாலுக்குப் போய் வேலையை நிறுத்தச் சொன்னார். எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்லி, தப்பு தன்னுடையது, மல்லிகாவைச் சந்தேகப்பட்டதும் தன்னுடைய தப்பு என்றார். கணக்குப் பிள்ளையிடமிருந்து சாவியை வாங்கித் தானே கொண்டுபோய் மல்லிகா அக்காவிடம் நீட்டினார். அவர் உடனே வாங்கவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வாங்கினார். "நாளைக்கும் வாரேனுங்க. ஆனா அந்தப் படத்த இன்னிக்கே கழட்டிப் போடுங்க."

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சிவப்பு

அதன் பிறகு ஏற்பாட்டை இறுக்கினோம். கடையில் பெட்டியை விற்கும்போது ஸ்கேன் செய்து, வாங்கியவர் ஊரையும் போன் எண்ணையும் பதிய வேண்டும். ஓர் எண் ஒரு தடவைதான் பதியும். பிறகு பதிந்தவர் போனில் மட்டும் பச்சை; அதே எண்ணோடு இன்னொரு பெட்டி வந்தால் சிவப்பு. கடைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கிற யூசுப் மாமா வெளிப்படையாகவே மறுத்தார். அவர் கடைக்கு இரண்டு சந்து தள்ளி என் அத்தாவின் மளிகைக் கடை இருந்ததால் என்னை விரட்டாமல் டீ வாங்கிக் கொடுத்தார். என் சரக்கை நானே சந்தேகப்பட்டு ஸ்கேன் பண்ணினால், வாங்க வந்தவன் என்னைப் பற்றி என்ன நினைப்பான் என்றார்.

நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஓமலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு இளம் தம்பதி ஸ்டார்டர் கேட்டு வந்தார்கள். மாமா எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் தன் போனை எடுத்துத் தானே ஸ்கேன் செய்தாள். சிவப்பு. அந்த எண் ஏற்கெனவே வேறு ஊரில் ஒருவர் பேரில் பதிவாகியிருக்கிறது என்று திரை காட்டியது. மாமாவின் காதுமடல் வரை ரத்தம் ஏறியதைப் பார்த்தேன். ஸ்குரூ டிரைவரை எடுத்து மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்தது போலி. வழக்கமான ஏஜென்ட் உடம்பு முடியாமல் இருந்தபோது வேறொரு ஆளிடம் வாங்கிய சரக்கு அது. மாமாவும் ஏமாந்துதான் போயிருந்தார்.

அவர் அந்தத் தம்பதியிடம் மன்னிப்புக் கேட்டு, பச்சை வருகிற பெட்டியாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அலமாரி முழுவதையும் கீழே இறக்கினார். ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து சிவப்பை ஒரு பக்கம் ஒதுக்கினோம். விற்றுப் போனவற்றுக்கு, வாங்கியவர்களை ஞாபகப்படுத்திப் போன் போட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளச் சொன்னார். சிலர் அவரையே திட்டினார்கள். கேட்டுக்கொண்டார். போலிச் சரக்கைக் கொடுத்த ஆள்மேல் சென்னியப்பன் அண்ணாவோடு சேர்ந்து புகார் கொடுத்தார். போலியைச் செய்தது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆள் மறுபடி சேலத்துக் கடைகளில் தலைகாட்டவில்லை. சில வாரம் கழித்து அந்த வழியாகப் போனபோது, எப்படிப் போகிறது மாமா என்று கேட்டேன். போனை உயர்த்திக் காட்டினார். "பிஸ்மி சொல்லிட்டுத்தாம்மா ஸ்கேன் பண்றேன். இன்னும் ஒண்ணுகூட செவப்பு வரலை."

போன் போட்டால் எடுப்பதில்லை

வாடிக்கையாளர் ஒருவர் சென்னியப்பன் அண்ணாவின் கம்பெனிக்கு நேரிலேயே வந்து சண்டை போட்டார். பெட்டியில் இருக்கிற நம்பருக்கு அடித்து அடித்துப் பார்த்தாராம். தப்பான எண் என்றே வருகிறதாம். அவர் அடித்தது வரிசை எண். அது போன் நம்பர் இல்லை, பெட்டியின் அடையாளம் என்று அன்று அங்கே போயிருந்த கவிதா பவ்யமாக விளக்கினாள். அவர் முழுவதையும் கேட்டார். ஸ்டிக்கரை ஒரு தரம் தடவிப் பார்த்தார். "பேச முடியாத நம்பர எதுக்குங்க இத்தன பெருசாப் போட்டிருக்கறீங்க?"

மல்லிகாவைக் கேட்டு ஓர் அழைப்பு

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆகவே பச்சைத் திரையின் அடியில் நிஜமான போன் நம்பர் ஒன்றையும் போட்டோம். எங்கள் அலுவலக நம்பர். அதே சமயத்தில் அண்ணா இன்னொன்றும் கேட்டார். பெட்டியைச் சோதித்தவர் பேரையும் திரையில் காட்டலாமா? காவல்காரிக்கே உரிய பயத்தோடு நான் தயங்கினேன். பேர் மட்டும், அதுவும் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று முடிவாயிற்று. சிலர் வேண்டாம் என்றார்கள். மல்லிகா அக்கா சரி என்றார்.

கோடை வெயில் உச்சத்தில் ஒரு காலை எங்கள் போன் அடித்தது. வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோட்டம் வைத்திருப்பவர் பேசினார். மல்லிகா இருக்கிறார்களா என்று கேட்டார். போனை எடுத்தவள் கவிதா. எங்கள் அனுபவத்தில் பேரைக் குறிப்பிட்டுக் கேட்டால் அது புகார்தான். என்ன விஷயம் என்று கேட்டாள். அவரிடமே சொல்கிறேன் என்றார். வேறு வழியில்லாமல் தொழிற்சாலைக்கு இணைத்துவிட்டு, நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம். டீ நேரம் போல. பின்னால் டம்ளர் சத்தம். மல்லிகா அக்கா தயங்கித் தயங்கி, ஏனுங்க, என்னாச்சுங்க என்றார்.

தோட்டக்காரர் ஊரில் கரண்ட் ஒரேயடியாக ஏறி இறங்கி, அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார்கள் கருகிவிட்டனவாம். இவருடைய பெட்டி தானாக நிறுத்தி, கரண்ட் சரியானதும் தானாக ஓடவிட்டிருக்கிறது. இந்த வெயிலில் தண்ணீர் இல்லாமல் போயிருந்தால் இளங்கன்றுகள் மொத்தமும் போயிருக்கும் என்றார். "போன்ல உங்க பேர்தான் வந்துச்சுமா. அதான் உங்ககிட்டயே சொல்லிடலாம்னு கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் டம்ளர் சத்தம் நின்றுவிட்டது. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் காது கொடுத்திருக்க வேண்டும். மல்லிகா அக்கா அவசரப்படாமல் சொன்னார். "செரிங்க. கன்னுக நல்லா வரட்டும். மறுக்கா ஏதாச்சும்னாலும் கூப்புடுங்க, நான் இங்கதானுங்க இருப்பேன்."

அன்றிலிருந்து கவிதா, வருகிற ஒவ்வொரு அழைப்பும் பாராட்டாகத்தான் இருக்கும் என்கிற வீண் நம்பிக்கையில் முதல் மணியிலேயே போனை எடுத்து, தினமும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறாள்.